ஆடிக்காற்றுக்கு முன் சன்ரூஃப் டிஃப்ளெக்டரை மாற்றிவிடுங்கள்

கார்க் கூரையில் திறந்து மூடும் சன்ரூஃப் கண்ணாடி பின்னால் நகர்ந்ததும், திறப்பின் முன் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை தானாக எழுந்து நிற்கும். அதுதான் விண்ட் டிஃப்ளெக்டர். கார் வாங்கும்போது ஷோரூமில் யாரும் அதைக் காட்டுவதில்லை, நாமும் கேட்பதில்லை. அது உடைந்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரியவரும். திருநெல்வேலி கே.டி.சி. நகரில் நாலுவழிச்சாலையில் ஏறி, வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் காதுக்குள் தொம் தொம் என்று அடிக்க ஆரம்பிக்கும். பின்சீட்டில் இருப்பவர்கள் “அந்தக் கண்ணாடிய மூடித் தொலைங்க” என்பார்கள்.

இதை வீட்டிலேயே மாற்றலாம். கார் வேலை எதையும் முன்பின் தொடாதவர்களும் செய்யலாம். மாட்டும் வேலை கொஞ்சம்தான். பார்ப்பதும் துடைப்பதும்தான் மீதி நேரம் முழுக்க. இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதிகள்தான் நீளமாக இருக்கும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் புகுந்து அடிக்கிறது. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம், கயத்தாறு என்று காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். நாலுவழிச்சாலையோ வடக்கு தெற்காகப் போகிறது. காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆக, அந்த மாதங்களில் நாகர்கோவிலுக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும் காற்று வண்டியின் விலாவில்தான் விழும். திறந்த சன்ரூஃபுக்கு முன்னால் இரண்டு மெல்லிய கைகளில் நிற்கிற பட்டைக்கு இது பெரிய சோதனை. போதாக்குறைக்குத் திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரி மணல் வேறு. மாவு போன்ற அந்தச் செம்மணல் ஸ்பிரிங் இருக்கும் சந்துக்குள் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் இந்த வேலையைச் சித்திரையிலோ வைகாசியிலோ முடித்துவிடுவது நல்லது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது

சோடா பாட்டில் வாயில் குறுக்கே ஊதினால் ‘பூம்’ என்று ஒரு ஒலி வரும் அல்லவா? சன்ரூஃப் திறந்த காரிலும் நடப்பது அதேதான். கூரையை ஒட்டி ஓடி வரும் காற்று, திறப்பின் முன் விளிம்பைத் தாண்டியதும் சுழல் சுழலாக உடைகிறது. அந்தச் சுழல்கள் பின் விளிம்பில் போய் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலுக்கும் காருக்குள் இருக்கும் காற்று அமுங்கி விரிகிறது. சுழல்கள் வரும் வேகமும் உள்ளே உள்ள காற்று அதிரும் வேகமும் ஒன்றாகிவிட்டால் சத்தம் பல மடங்காகிவிடும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரில் இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்பார்கள். காரின் உள்ளே இது விநாடிக்குச் சுமார் 20 தடவை என்ற கணக்கில் நடக்கும். காதால் கேட்பதைவிடச் செவிப்பறையில் அழுத்தமாகத் தெரிவது அதனால்தான். சிலருக்குத் தலைவலியே வந்துவிடும்.

டிஃப்ளெக்டர் இரண்டு வேலை செய்கிறது. வரும் காற்றைத் திறப்புக்கு மேலாகத் தூக்கிவிடுகிறது. அப்புறம், அதன் மேல் விளிம்பில் இருக்கும் பற்களோ வலைத்துணியோ பெரிய சுழல்களைச் சின்னச் சின்னதாகச் சிதறடிக்கிறது. சிதறிய சுழல்கள் ஒரே தாளத்தில் மோதாது. உள்ளே காற்று அதிராது. விரற்கடை உயரத்தில் நிற்கிற பட்டைக்கு இவ்வளவு வேலை. ஒரு பக்கம் மட்டும் எழும்பி மறுபக்கம் படுத்துக் கிடந்தால் இரண்டு வேலையும் கெடும்.

கோளாறு உண்மையிலேயே அதில்தானா

சாமான் வாங்க ஓடும் முன் இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சன்ரூஃபை மூடியிருக்கும்போதும் ‘ஸ்ஸ்’ என்று விசில் சத்தம் வந்தால் அது டிஃப்ளெக்டர் அல்ல. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தேய்ந்திருக்கும், அல்லது கண்ணாடி உயரம் மாறியிருக்கும். திறக்கும்போது மோட்டார் முனகினால் அதுவும் வேறு வியாதி. திறந்து ஓடும்போது மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தொம் தொம் என்றால் நீங்கள் தேடுவது இதைத்தான்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை முழுசாகத் திறந்து, வெளியே கதவுப் படியில் ஏறி நின்று பாருங்கள். பட்டை இரண்டு ஓரத்திலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா? கட்டைவிரலால் பட்டையைத் தாங்கும் இடது கையை அமுக்கி விடுங்கள், பிறகு வலது கையை. இரண்டும் ஒரே விசையோடு மேலே வர வேண்டும். ஒன்று சோம்பலாக எழுந்தால் அங்கே ஸ்பிரிங் நழுவியிருக்கிறது, அல்லது மண் அடைத்திருக்கிறது. எழவே இல்லை என்றால் கை உடைந்திருக்கும். பெரும்பாலும் உடைவது கையும் பட்டையும் சேரும் முழங்கை இடத்தில்தான். உடையும் முன்பே அங்கே ஒரு அடையாளம் தெரியும்: கறுப்புப் பிளாஸ்டிக்கில் மயிரிழை மாதிரி வெள்ளை பூத்த கோடு. துணியால் துடைத்தால் அழுக்கு போகும், அந்த வெள்ளைக் கோடு போகாது. அது இருந்தால் பட்டைக்கு ஆயுள் அவ்வளவுதான்.

அகலமான பனோரமிக் சன்ரூஃப்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பட்டைக்குப் பதிலாக வலைத்துணி இருக்கும். அதில் கிழிசல், தையல் பிரிவு, அணில் எலி கடித்த ஓட்டை ஆகியவற்றைப் பாருங்கள். பாபநாசத்திலோ குற்றாலத்திலோ சன்ரூஃபைத் திறந்துபோட்டு அருவிக்குப் போனவர்களுக்கு வேறு விதமான சேதமும் நேரலாம். வைப்பரையும் ரப்பரையும் பிடித்து இழுக்கும் குரங்குகளுக்கு இந்த வலை ஒரு பொருட்டே அல்ல.

வெறும் மண் அடைப்புதான் என்றால் பட்டையை மாற்றவே வேண்டாம். கீழே சொல்லியிருக்கும் துடைப்பு வேலையை மட்டும் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தாலும் நீங்கள் கை வைக்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் காட்டி எழுதி வாங்குங்கள்.

சாமான் வாங்கும் இடத்தில்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் வெறுமனே டிஃப்ளெக்டர் என்று கேட்டால் இப்படித்தான் போகும்:

“அண்ணாச்சி, சன்ரூஃபுக்கு விண்ட் டிஃப்ளெக்டர் இருக்கா?”

“கதவுக்கு மேல ஒட்டுறதுதான? நாலும் சேத்து செட்டாத்தான் வரும்.”

அவர் சொல்வது மழைக்குக் கதவுக் கண்ணாடி மேல் ஒட்டும் டோர் வைசர். அதையும் டிஃப்ளெக்டர் என்று விற்பதுண்டு. ஆகவே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். “கண்ணாடியத் திறந்தா முன்னால எந்திரிச்சு நிக்குமே, அது” என்று படத்தைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

படத்தைவிட முக்கியம் சேஸிஸ் நம்பர். ஆர்.சி.யில் இருக்கும் அந்த 17 எழுத்து எண்ணைக் கொடுத்தால், கம்பெனி ஸ்பேர் கவுண்டரில் உங்கள் வண்டிக்கு உரிய பார்ட் நம்பரை எடுத்துவிடுவார்கள். ஒரே மாடல் காரில் சின்ன சன்ரூஃபும் பனோரமிக்கும் இரண்டும் வந்திருக்கும். இடையில் ஒரு வருஷம் டிசைன் மாறியும் இருக்கலாம். பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் ஒரு விரல் நீளம் கூடவோ குறையவோ வந்து நிற்கும்.

சில இடங்களில் “அது தனியா வராது, முழு சன்ரூஃப் செட்டும் மாத்தணும்” என்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். பார்ட் நம்பர் பட்டியலைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். நிறைய மாடல்களுக்கு டிஃப்ளெக்டர் தனிப் பார்ட்டாகவே இருக்கிறது. ஸ்டாக்கில் இல்லாததற்கும் தயாரிப்பிலேயே இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. ஆர்டர் போட்டால் வந்துவிடும்.

வாங்கும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: ஸ்பிரிங்கும் கிளிப்பும் கூடவே வருகிறதா, தனியா? தனி என்றால் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பழைய ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் புதுப் பட்டையில் அதை மாட்டுவது வீண்வேலை. டூப்ளிகேட் சாமான் வேண்டாம் என்பது என் கட்சி. காசு மிச்சமாகும்தான். ஆனால் நம் ஊர் வெயிலில், மூடிய கண்ணாடிக்குக் கீழே வேகும் பிளாஸ்டிக் இது. மட்டமான சரக்கு சீக்கிரம் வளைந்துவிடும். வளைந்த பட்டை கண்ணாடி மூடும்போது மாட்டிக்கொண்டால் செலவு எங்கோ போய்விடும்.

நேரம், இடம், கருவிகள்

காலை ஏழு மணி வாக்கில் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் கூரைத் தகட்டில் முழங்கையை ஊன்ற முடியாது. வெயிலேறிய பிளாஸ்டிக் கிளிப்பும் தொய்ந்துபோய்ச் சரியாகப் பிடிக்காது. வேப்பமரத்து நிழல் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் பூவும் சருகும் சன்ரூஃபுக்குள் கொட்டும். கார் ஷெட் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் வீட்டின் கிழக்கு வெயில் படாத பக்கம்.

ஸ்டார் பிட் ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று வேண்டும். சன்ரூஃப் திருகுகளில் டி 20, டி 25 அளவுகள்தான் அதிகம் வரும். முனையில் காந்தம் உள்ளதாகப் பாருங்கள். நெம்புவதற்குப் பிளாஸ்டிக் நெம்புகோல், அதாவது கார் அக்சசரீஸ் கடையில் கிடைக்கும் டிரிம் டூல். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போய்விடும். மாஸ்கிங் டேப், டார்ச், பழைய டூத் பிரஷ், பஞ்சு போகாத துணி, சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன டியூப். தூண்டிலுக்குப் போடும் கொஞ்சம் தடித்த நைலான் நரம்பு ஒரு மீட்டர். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒன்றையாவது மாட்டிக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறிக்கும். இடுப்பு பெல்ட், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். கூரையில் சாயும்போது கோடு போடுவது அவைதான்.

கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. ஆனால் அந்த ஆளிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: “மாப்ளே, நான் சொல்லாம சுவிட்சுல மட்டும் கை வச்சிராத.” நகரும் கண்ணாடிக்கும் கூரை விளிம்புக்கும் இடையே விரல் மாட்டினால் விளையாட்டல்ல. எதிலாவது மாட்டினால் தானே நின்று திரும்பும் வசதி இருந்தாலும் அதை நம்பி விரலை வைக்கக்கூடாது.

பழையதைக் கழற்றுதல்

கண்ணாடியை முழுசாகத் திறந்துவிட்டு எஞ்சினை அணைத்து, சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில கார்களில் எஞ்சின் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் சன்ரூஃபுக்குக் கரண்ட் இருக்கும், கதவைத் திறந்தால்தான் போகும். ஆகவே டிரைவர் கதவைத் திறந்து மூடி, சுவிட்ச் செத்துவிட்டதா என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றத் தேவையில்லை. கழற்றினால் சன்ரூஃபுக்கும் பவர் விண்டோவுக்கும் மறுபடி பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

முன் சீட் மேலும் டாஷ்போர்டு மேலும் ஒரு பழைய பெட்ஷீட்டை விரியுங்கள். திறப்பின் முன் விளிம்பில் பெயிண்ட் மேல் இரண்டு வரிசை மாஸ்கிங் டேப். அப்புறம் இரண்டு முன் மூலைகளிலும் இருக்கும் பள்ளத்தில் துணியைச் சுருட்டித் திணித்துவிடுங்கள். அங்கேதான் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு திருகு அதற்குள் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. குற்றாலத் துண்டு ஒன்றை இரண்டாகக் கிழித்தால் இரண்டு மூலைக்கும் கச்சிதமாக இருக்கும்.

எதையும் தொடும் முன் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று எனக் கிட்டத்தில் படம் எடுங்கள். ஸ்பிரிங்கின் கொக்கி எந்தத் துளையில், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். மாட்டும்போது இதைத்தான் பத்துத் தடவை பார்ப்பீர்கள்.

இப்போது கையைப் பின்தொடர்ந்து பின்னால் போங்கள். பட்டையின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரு கை பின்பக்கமாகப் போய், ஓரச் சட்டத்தில் ஒரு கீல் மாதிரி மாட்டியிருக்கும். அங்கே மாடலுக்கு ஏற்ப இரண்டில் ஒன்று இருக்கும்: ஒரு ஸ்டார் திருகு, அல்லது அமுக்கினால் உள்ளே போகும் பிளாஸ்டிக் முளை. திருகு என்றால் வேலை லேசு. கையை விரலால் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருகைக் கழற்றி, ஸ்பிரிங்கின் விசையைப் பைய விட வேண்டும். சட்டென்று விட்டால் ஸ்பிரிங் பறந்து செவ்வந்திச் செடிக்குள் போய்விடும்.

முளை என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கையை ஒரு அரை உயரத்துக்கு இறக்கிப் பிடித்து, டிரிம் டூலின் நுனியை முளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகி உட்புறமாக, அதாவது கார் நடுவைப் பார்த்து, லேசாகத் தள்ளுங்கள். முளை துளையை விட்டு வெளியே வரும். வராவிட்டால் கையின் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சில டிசைனில் ஒரே ஒரு கோணத்தில்தான் அது விடுபடும். பழைய பட்டைதானே என்று முறுக்கி உடைத்து எடுக்கத் தோன்றும். பட்டை உடைவதில் நமக்கு நஷ்டமில்லை, ஆனால் அதே முறுக்கில் ஓரச் சட்டத்தின் துளை பிளந்தால் சட்டம் தனியாக வராது.

வலைத்துணி வகையில் கைகளைக் கழற்றியபின், வலையின் அடி ஓரத்தையும் விடுவிக்க வேண்டும். அது சட்டத்தின் முன் பள்ளத்தில் நீளமான ஒரு பிளாஸ்டிக் நாடாவாகச் செருகியிருக்கும். ஒரு முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி உரித்துக்கொண்டே போங்கள். அந்த அடி ஓரத்தை ரிவெட் அடித்துப் பிடித்திருக்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போவது புத்திசாலித்தனம். ரிவெட்டைத் துளைத்தெடுக்கும் இரும்புத்தூள் கண்ணாடி நகரும் தண்டவாளத்தில் விழுந்தால் அது அடுத்த கோளாறுக்கு அச்சாரம்.

துடைப்பு

இந்தக் கட்டத்தைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், கடைக்காரர்களும் சேர்த்துத்தான். பட்டை எடுத்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வேப்பம்பூ, மண், செத்த ஈசல், ரப்பர்த் தூள் எல்லாம் பழைய கிரீஸோடு குழைந்து கறுப்புக் களிம்பாக இருக்கும். கையின் கீல் உட்காரும் குழியில்தான் அது கெட்டியாகப் படிந்திருக்கும். புதுப் பட்டையை அப்படியே மாட்டினால் ஒரு மாதத்தில் அதுவும் சோம்பிப்போகும்.

காய்ந்த மண்ணை முதலில் டூத் பிரஷால் தளர்த்தி, வாக்குவம் கிளீனர் இருந்தால் உறிஞ்சி எடுங்கள். இல்லாவிட்டால் ஈரத் துணியால் ஒத்தி ஒத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் மணல் தண்டவாளத்தைக் கீறும். களிம்புக்குத் துணியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் போகும். பெட்ரோல் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். இரண்டும் ரப்பர் பீடிங்கைக் கெடுக்கும்.

துடைத்து முடிந்ததும் மூலையில் திணித்த துணிகளை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு முன் மூலைப் பள்ளத்தில் மெல்ல ஊற்றுங்கள். சன்ரூஃப் என்பது தண்ணீரே உள்ளே வராத மூடி அல்ல. பீடிங்கைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் குழாய் வழியாக முன் தூணுக்குள் இறங்கி வண்டிக்கு அடியில் வடிந்துவிடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். முன் சக்கரத்துக்குப் பின்பக்கம் குனிந்து பாருங்கள், சொட்டுச் சொட்டாக வர வேண்டும். வரவில்லை, பள்ளத்தில் தேங்கி நிற்கிறது என்றால் அடைப்பு. அந்தத் தூண்டில் நரம்பு இதற்குத்தான். அதன் நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, ஓட்டைக்குள் பையப் பைய விட்டு, முன்னும் பின்னும் நகர்த்தினால் அடைப்பு கரையும். பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை வைத்து ஊதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த அழுத்தத்தில் குழாய் உள்ளுக்குள் கழன்றுகொள்ளும். அப்புறம் மழை பெய்தால் தண்ணீர் நேரே கூரைத் துணியில்தான் இறங்கும். ஊற்றிய தண்ணீர் காருக்குள்ளே எங்காவது கசிவதைக் கண்டாலும் அதோடு நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப் போங்கள்.

எல்லாம் காய்ந்தபின் தண்டவாளத்திலும் கீல் குழியிலும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். துணியில் தொட்டு இழுத்த அளவு போதும். நிறையப் போட்டால் அடுத்த தேரி மணலுக்கு அதுவே பசை. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். அது மண்ணைப் பிடித்துப் பிசினாகும், எறும்பையும் கூட்டும்.

புதியதை மாட்டுதல்

புதுப் பட்டையைப் பழையதன் பக்கத்தில் தரையில் வைத்து ஒப்பிடுங்கள். நீளம், கையின் வளைவு, முளையின் இடம், ஸ்பிரிங் கொக்கித் துளை எல்லாம் ஒத்துவர வேண்டும். இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் பல வண்டிகளில் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராக வளைந்திருக்கும். மாற்றி மாட்டினால் மாட்டவும் முடியும், வேலை மட்டும் செய்யாது. பாதுகாப்புக்கு ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள்.

மூலைகளில் துணியை மறுபடி திணியுங்கள். வலை வகையானால் அடி நாடாவை முதலில் நடுவில் செருகி, அங்கிருந்து இரண்டு ஓரத்துக்கும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனால் வலையில் சுருக்கம் விழாது. பிளாஸ்டிக் பட்டையானால் ஒரு பக்கத்துக் கையை மட்டும் முழுதாக மாட்டி முடியுங்கள்: ஸ்பிரிங் கொக்கி துளையில், முளை குழியில், ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு மறுபக்கம். இரண்டாவது பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் போகும். பட்டையை நடுவில் பிடித்து வளைக்காமல் கையருகே பிடித்து உட்புறமாக நெருக்கினால் முளை குழிக்கு நேரே வந்துவிடும். திருகு உள்ள மாடலில் முதலில் விரலாலேயே சில சுற்று விட்டு, மரை சரியாகப் பிடித்ததா என்று பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் சும்மா நிற்கும் வரை திருகினால் போதும். பிளாஸ்டிக்கில் போகும் திருகு அது. இன்னும் கால் சுற்று என்று முறுக்கினால் மரை போச்சு.

இரண்டு கட்டைவிரலாலும் பட்டையை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு முறையும் தயங்காமல், இரண்டு ஓரமும் சேர்ந்து எழ வேண்டும். இப்போதுதான் துணி, பெட்ஷீட், கருவிகள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எத்தனை திருகு கழற்றினீர்களோ அத்தனையும் மாட்டியாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

முதல் தடவை மூடும்போது ஒரே தட்டில் மூடும் ஆட்டோ வேண்டாம். சுவிட்சைக் கொஞ்சம் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, விரல் விரலாக நகர்த்துங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று பார்ப்பது இங்கேதான் உதவும். கண்ணாடியின் முன் ஓரம் கைகளின் மேல் ஏறி, பட்டையைப் பையக் கீழே படுக்க வைக்க வேண்டும். உரசலோ ‘கடக்’ ஒலியோ கேட்டால் உடனே நிறுத்தி, திறந்து, அந்தப் பக்கத்துக் கீலைப் பாருங்கள். பாதிக்குமேல் வந்து கண்ணாடி தானாகவே திரும்பிப் போனால், ஏதோ தடுக்கிறது என்று மோட்டார் நினைக்கிறது. முதலில் உண்மையாகவே தடுக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் சன்ரூஃபை மறு அமைவு செய்ய வேண்டியிருக்கும். பல கார்களில் கண்ணாடி மூடிய நிலையில் மூடும் சுவிட்சை ஒரு 10 விநாடி விடாமல் பிடித்தால் கண்ணாடி லேசாக அசையும். விட்டு, உடனே மறுபடி பிடித்தால் அது தானாக ஒருமுறை திறந்து மூடித் தன் அளவுகளைக் கற்றுக்கொள்ளும். மாடலுக்கு மாடல் முறை மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் சன்ரூஃப் பக்கத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் கங்கைகொண்டான் பக்கமோ நாங்குநேரி பக்கமோ போய்ப் பாருங்கள். கதவுக் கண்ணாடிகள் எல்லாம் மூடி, சன்ரூஃபை மட்டும் முழுசாகத் திறந்து, 40, 60, 80 என்று வேகத்தை ஏற்றுங்கள். காற்று ஓடும் இரைச்சல் இருக்கும், அது போகாது. தொம் தொம் அடி மட்டும் இருக்கக்கூடாது. அப்படியும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் லேசாக வந்தால் கண்ணாடியை ஒரு நாலு விரற்கடை முன்னால் கொண்டுவாருங்கள். சில கார்களில் முதல் தட்டுக்குக் கண்ணாடி முழுசாகத் திறக்காமல் சற்று முன்னாலேயே நின்றுவிடுவது இதற்காகத்தான். அதைக் கோளாறு என்று நினைத்து இரண்டாவது தட்டுத் தட்டுபவர்கள் நிறைய. பின் கதவுக் கண்ணாடி ஒன்றை இரண்டு விரல் அளவு இறக்கினாலும் அடி நின்றுவிடும்.

பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை ஆனி, ஆடி மாதங்களில் போகிறீர்கள் என்றால் எந்த டிஃப்ளெக்டர் இருந்தாலும் சன்ரூஃபை மூடிவிடுவதுதான் சரி. பக்கவாட்டுக் காற்றை அது தடுக்காது. அதைச் செய்வதற்கு ஆன சாமானும் அல்ல.

கூரையின் மேலேயே ஒட்டும் புகைநிறப் பிளாஸ்டிக் வைசர்களைப் பற்றியும் கேட்பார்கள். உள்ளே இருக்கும் டிஃப்ளெக்டர் உடைந்ததற்கு அது மாற்று ஆகாது, கூடுதல் துணை மட்டும்தான். ஒட்டுவதானால் அந்த இடத்து மெழுகும் தூசியும் போக ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஒரே தடவையில் நேராக வைத்து அழுத்துங்கள். எடுத்து எடுத்து ஒட்டினால் டேப் பிடிக்காது. ஒட்டிய பின் 24 மணி நேரமாவது வண்டியைக் கழுவக் கூடாது, நாலுவழிச்சாலைக்கும் கொண்டு போகக் கூடாது. குற்றாலத்தில் சாரல் விழுகிற சமயத்தில் தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் இந்த வேலையையே தள்ளிப்போடலாம். ஈரத் தகட்டில் எந்த டேப்பும் நிற்காது.